உம்மா வழி எலும்பு

கடலுக்குள் இருக்கிற மணல் திட்டில் எலும்பு கிளம்பியிருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். சூடை மீனைத் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டே, பஸ் பிந்தி வந்த கதையைப் போல அதைச் சொன்னார். சோளகக் காற்றுக்குத் திட்டின் மேற்குப் பக்கம் இடிந்து விழுந்ததாம். ஒரு தொடை எலும்பும் கொஞ்சப் பற்களும் வெளியே தெரிந்ததாம். பொலிஸ் போட்டில் போய் எடுத்து வந்ததாம். நான் தட்டை நிலத்தில் வைத்துவிட்டேன்.  யார் வீட்டு வாசலில் நின்று கதைக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். காசுகூட வாங்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

என் நானா, என் மூத்த சகோதரர், கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது ஆறேழு வருஷம். போட் கிடைத்தது, எஞ்சின் கிடைத்தது, பாதி வலையும் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. கடலில் போனவன் கடலோடு போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. யாருடைய உடம்பாவது திட்டில் ஒதுங்கினால், கண்டவர்கள் பொலிஸ் கரைச்சலுக்குப் பயந்து அங்கேயே மணலைத் தோண்டி அடக்கிவிட்டு, யாரிடமும் வாய் திறக்காமல் வந்துவிடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அதனால் திட்டில் எலும்பு என்று கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு நானாவைப் பற்றித்தான். இரண்டாவது நினைப்பு மதினியைப் பற்றி.

மதினி நானாவின் மனைவி. கற்பிட்டியில் எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். என்னைப் போல, பெண் பிறந்த தெருவிலேயே இருப்பாள், அவளுடைய மகளும் அங்கேயே இருப்பாள். நானாவும் அப்படித்தான் போனார். தூரம் ஒன்றுமில்லை, அதே தெருவில் மதினியுடைய வீடு, எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நானா போன பிறகு மதினி தன் உம்மாவுடன் அங்கேயே இருந்தார்.

இருந்தார் என்று இலேசாகச் சொல்லிவிட்டேன். அது இருப்பே அல்ல. விதவை என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் முகம் இறுகிவிடும். புருஷன்காரன் எப்படி என்று யாராவது தெரியாமல் கேட்டால் அழுதுவிடுவார். தில்லையடியில் இருக்கும் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோதுகூடக் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தார். வீடு பூட்டிக் கிடக்கும்போது நானா வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று கேட்டார். உங்கள் உம்மா வீட்டில்தானே இருக்கிறார் என்று நான் சொன்னேன். உம்மாவுக்குக் காது மந்தம் என்றார். எனக்குச் சில நேரம் கோபம்கூட வரும். பிறகு அந்தக் கோபத்தை நினைத்து வெட்கம் வரும்.

எலும்பை வைத்திருந்த புத்தளம் ஆஸ்பத்திரிக்கு உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். நானும், உம்மாவின் தம்பியான மாமாவும். மாமா மீன் லொறிக்காரர்களோடு பழகிச் சிங்களம் நன்றாகக் கதைப்பார், அதனால் எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். அங்கிருந்த உத்தியோகத்தர் விளங்கப்படுத்தினார். எலும்பு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது, பார்த்த அளவில் ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியாது. பல்லுக்குள் இருந்து டி.என்.ஏ. எடுக்கலாம். தாய் வழியாக மட்டும் இறங்கி வருகிற ஒரு பகுதி அதில் உண்டு, அதனால் தாயின் மாதிரி இருந்தால் நல்லது. பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்துக்குள் விட்டுத் தேய்ப்பார்கள், அவ்வளவுதான்.

உம்மா வாயைத் திறக்கவில்லை. பல் வைத்தியரிடம் அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய பயம் எனக்கு விளங்கியது, ஏனென்றால் எனக்கும் அதே பயம்தான். வாயைத் திறந்தால் மகன் மௌத்தாகிவிடுவான். திறக்காவிட்டால் எங்கேயோ உயிரோடு இருப்பான். மாமா காதுக்குள் ஏதோ சொன்னார். உம்மா பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தார்.

பிறகு காத்திருப்பு. உம்மா என் போனை வாங்கித் தன் தலையணை உறைக்குள் போட்டு வைத்தார். அடித்தால் கேட்கக் கூடாது, கேட்காமல் விடவும் கூடாது, அதுதான் அவர் கண்டுபிடித்த இடம். போனுக்குக் காசு போடுகிற ரீலோட் கடைக்காரனின் விளம்பரச் செய்திக்கெல்லாம் நாங்கள் தலையணையிடம் ஓடினோம். நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது என் காது வீட்டுப் பக்கம் இருக்கும். மதினி ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார், கதிரையின் நுனியில் உட்காருவார், என் முகத்தைப் பார்ப்பார், போய்விடுவார்.

அழைப்பு வந்தபோது மாமா வீட்டில் இருந்தார். அவர்தான் கதைத்தார். கதைத்து முடித்ததும் கேட்டதை ஒன்றும் விடாமல் எங்களுக்குச் சொன்னார். அந்த உத்தியோகத்தர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. எலும்பில் இருக்கிறதும் உம்மாவிடம் இருக்கிறதும் ஒரே தாய் வழி, மற்றச் சோதனைகள் இன்னும் முடியவில்லை, அவை வரும்வரை ஒன்றையும் முடிவெடுக்க வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு முதல் பாதிக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. உம்மாவின் வழி என்றால் உம்மாவின் பிள்ளைதானே. வேறு யார்?

எங்கள் ஊரில் மௌத்துச் செய்தியை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மாமா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் நானாவின் பெயர் கேட்டது. இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர் என்று முறையாகச் சொன்னார்கள். அத்தனை வருஷமாக யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர் தெரு முழுவதும் கேட்டது. எனக்கு வந்தது அழுகையா, ஆறுதலா என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, எலும்பு இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்ததால், உடம்பு இல்லாமலே தொழுவிக்கும் காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. ஊரே வந்தது. நானாவின் பேரில் கத்தம் ஓதிச் சாப்பாடும் கொடுத்தோம்.

மதினி அன்றே வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். புருஷன் மௌத்தானால் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. மௌலவி ஆள் அனுப்பிச் சொன்னார், இத்தா மௌத்தான நாளிலிருந்தே கணக்கு, அது எப்போதோ கழிந்துவிட்டது, நீங்கள் இருக்க வேண்டிய கடமை இல்லை என்று. மதினி கேட்கவில்லை.

"எனக்குத் தெரிய வந்தது இண்டைக்குத்தானே. நான் இருக்கப் போறன்" என்றார்.

அந்த அறைக்குள் அவர் மாறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஓதுவார், சாப்பிடுவார், உறங்குவார். பகலில்கூட உறங்கினார். அத்தனை வருஷ உறக்கத்தையும் சேர்த்து உறங்குகிறார் என்று அவருடைய உம்மா சொன்னார். மதினியின் உம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மதினி திரும்பிப் பார்ப்பதில்லை. அது எனக்குப் புதுமையாக இருந்தது. நான் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கறிக்கு உப்புக் காணாது என்று குறை சொன்னார். குறை சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

இரண்டாவது அழைப்பை நான் எடுத்தேன். இந்த முறை, எலும்பைச் சோதிக்கிற பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு பெண். சிலாபம் பக்கத்துச் சிங்களவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. எலும்பு ஒரு பெண்ணுடையது என்றார். மிகப் பழையது, ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் ஆட்சிக் காலமாக இருக்க வேண்டும் என்றார். மணலில் அதோடு ஒரு சிறிய பித்தளைக் கொளுக்கியும் கிடைத்திருந்ததாம், அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெண்கள் சட்டையைக் கொழுவுகிற மாதிரி. உங்கள் உம்மாவைச் சந்திக்க வரலாமா என்று மரியாதையாகக் கேட்டார். நான் குசினிக்குள் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன். என் நானாவை மறுபடியும் கடலில் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாமாவைக் கூப்பிட்டோம்.  அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இத்தா முடியும்வரை மதினிக்குச் சொல்லக் கூடாது என்றார். முடிந்த பிறகும் சொல்லத்தான் வேண்டுமா என்று உம்மா கேட்டார்.  உம்மாவுக்கு வேறொரு பயமும் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் வேற மார்க்கத்துக்காரியாக இருந்தால்? நாம் கேட்ட துஆவெல்லாம் யாருக்குப் போனது? தொழுதது மகனுக்காக, மனசில் வைத்த நிய்யத்து அவனுக்குத்தான் என்று மாமா சமாதானம் சொன்னார். சொன்ன குரலில் அவருக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

பல்கலைக்கழகத்து அந்த மிஸ் வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் உம்மா யார், அவருடைய உம்மா யார், அவருடைய உம்மா யார்? ஆண்கள் யாரும் வேண்டாம் என்றார். உம்மா நாலைந்து பெயர் சொன்னார். பிறகு பெயர் வரவில்லை.

"பேர் மறந்து போச்சு மிஸ். வீடு தெரியும். வாங்க காட்டுறன்."

நடந்துபோனோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது உம்மா பிறந்த வீடு, இப்போது உம்மாவின் தங்கச்சியான சாச்சியின் மகளுக்கு. அதற்கு அடுத்தது உம்மாவின் உம்மா பிறந்த வீட்டு வளவு. வீடு மகளுக்கு, மகளின் மகளுக்கு என்று கொடுத்துக் கொடுத்து, எங்கள் உம்மாமார் அந்தத் தெருவிலேயே வரிசையாக இருந்திருக்கிறார்கள். பெயர் போன இடத்தில் கிணறு இருந்தது, கிணறு போன இடத்தில் அத்திவாரக் கல் இருந்தது. ஒவ்வொரு வளவாக, ஒல்லாந்தர் கட்டிய கோட்டைப் பக்கமே போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் கோட்டைக்குச் சற்று இப்பால், காற்றுப் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரருக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் வளவில் உம்மா நின்றார். இதற்கு அங்கால் தனக்குத் தெரியாது, இங்கே இருந்தவளைக் கோட்டைக்காரி என்று சொல்வார்கள், அவ்வளவுதான் என்றார். நான் அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதே இல்லை. 

மிஸ்ஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்களுக்குத்தான் மலரவில்லை. தெருவில் இருக்கிற மற்றப் பெண்களின் கன்னத்திலும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் வழி இன்னும் தெளிவாகும் என்றார். அவர் பெண் என்பதால் எல்லா வீட்டிலும் குசினிவரை போக முடிந்தது. சர்பத் குடித்துக்கொண்டே குச்சியைத் தேய்த்தார். மாமி வீட்டுக்கும் போனார். நான் கூடப் போனேன், எங்கே எலும்புக் கதையை எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில். மதினியின் அறைக்குத் திரை போட்டிருந்தது. மிஸ் மாமியிடம், மந்தக் காதுக்காகச் சத்தம் போட்டு, பழைய குடும்பங்களைப் பற்றிய ஆராய்ச்சி என்று மட்டும் சொன்னார். நான் அப்படிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிக் கேட்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஓதுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

முடிவு வந்தது. தெருவில் கன்னம் காட்டிய பெண்களில் அரைவாசிப் பேருக்கு அதே தாய் வழி. மாமிக்கும் அதே வழி. அப்படியென்றால் மதினிக்கும்தான். இந்த நாட்டில் அந்த வகை அரிது என்றும், ஐரோப்பாவில்தான் கூடுதலாகக் காணப்படுவது என்றும் மிஸ் சொன்னார். திட்டில் கிடந்தவள் கோட்டைக்காரிதானா, அவளுடைய தாயா, சகோதரியா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மை நோய் கண்டவர்களைத் திட்டில் கொண்டுபோய் விட்ட காலம் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். யாராக இருந்தாலும் கோட்டைக்குள் இருந்தவள், சட்டைக்குக் கொளுக்கி போட்டவள், அந்த மணலில் தனியாகக் கிடந்து செத்திருக்கிறாள். அவளுடைய மகளோ சகோதரியின் மகளோ எங்கள் தெருவுக்கு வந்து கலிமாச் சொல்லி முஸ்லிமாகி, ஒரு வீட்டையும் மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். மிஸ் இதைச் சொல்லும்போது எனக்கு அந்தப் பெண்ணுக்காகப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அவள்மேல் ஆத்திரமும் இருந்தது. இவ்வளவு காலம் கிடந்தவள் இன்னும் கொஞ்சக் காலம் மணலுக்குள் கிடந்திருக்கக் கூடாதா?

எங்களை நினைத்தும் எரிச்சல் வந்தது. பெண் அசையாமல் இருக்கிற ஊரில் பிறந்து, அந்த வழக்கத்துக்குள்ளேயே கலியாணமும் முடித்து, உம்மா வழி ஒன்று என்றால் அது தெருவுக்கே ஒன்றாக இருக்கும் என்று எங்கள் யாருடைய மூளைக்கும் எட்டவில்லை. அந்த எலும்பு எங்களுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு பக்கத்து வீட்டுக்கும் சொந்தம். நாங்கள் அதற்கு நானாவின் பெயரை வைத்துத் தொழுதுவிட்டோம்.

இனித் தெரு முழுவதும் தெரியும். அரைவாசி வீட்டுக்கு முடிவு போயிருக்கிறது. குசினிக்குக் குசினி வெள்ளைக்காரப் பாட்டியைப் பற்றிய பகிடிதான். பூனைக்கண்ணுள்ள பிள்ளைகளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். இத்தா முடிய இன்னும் நாள் இருந்தது. வேறு யாராவது சிரித்துக்கொண்டே சொல்லி மதினிக்குத் தெரிய வருவதைவிட நான் சொல்வது நல்லது என்று மாமா கடைசியில் ஒத்துக்கொண்டார். உம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லாதே, அவள் உறங்குகிறாள் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சோற்றுக் கோப்பையோடு நான் போனேன். மாமி வெளியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திரையை விலக்கி உள்ளே போய் மதினிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வாயில் இல்லை. ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், கொளுக்கி என்று எங்கெங்கோ தொடங்கினேன். மதினி தஸ்பீஹ் மணியை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குப் பயம் கூடிவிட்டது. மயங்கி விழப்போகிறார் என்று நினைத்து அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "அது அவர் இல்ல. ஆரோ ஒரு பொம்புளை."

யார் சொன்னது என்று கேட்டேன். மாமியின் முடிவைச் சொல்ல மிஸ் திரும்பவும் வந்திருக்கிறார். அன்றைக்கு நான் கூட இல்லை. மாமிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மிஸ் பலத்த குரலில் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தியிருக்கிறார், திட்டிலிருந்து எடுத்த எலும்பு வரைக்கும். திரைக்குப் பின்னால் மதினி இருந்திருக்கிறார். அது நடந்து நாளாகிவிட்டது. அதற்குப் பிறகும் நான் சோறு கொண்டுவந்திருக்கிறேன், அவர் உப்புக் காணாது என்று சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் ஏன் இன்னும் வெள்ளையோடு இருக்கிறீர்கள், எழும்பலாமே என்றேன். எனக்கே தெரியும், அது மடத்தனமான கேள்வி. ஆனால் வேறென்ன கேட்பது?

மதினி திரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எழும்பினா திரும்பவும் அவர் வருவாரெண்டு பாத்துக்கொண்டு இருக்கோணும். எனக்கு இனி ஏலா. நீங்க ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல, நான் ஒண்டும் கேக்கல்ல. என்ன இப்பிடியே உடுங்க."

பிறகு தஸ்பீஹை எடுத்துக்கொண்டார். நான் சோற்றுக் கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு எழும்பினேன்.  மாமி கீரைத் தண்டை நறுக்கியபடி, உம்மா சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன்.

உம்மா எங்கள் வாசலில் நின்றார். சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். உம்மா என் தலையைத் தடவி அல்லாஹ்வைப் புகழ்ந்தார்.

இத்தா முடிந்து மதினி நிற உடுப்பு உடுத்துவிட்டார். தில்லையடிக்குப் போய்த் தங்கச்சி வீட்டில் இரவும் தங்கிவிட்டு வருகிறார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. கரையில் நாலு ஆண்கள் ஒன்றுகூடி நின்று கதைத்தால் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் எங்கள் வீட்டுப் பக்கம் ஓடிவந்து, நானா வந்துவிட்டார் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.